நண்டுத்திட்டிக்கு நடந்து போன அக்கா

வான் தீவுப்பகுதியின் சுருவில் ஊருக்குள் திரும்பியபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. சாரதி கண்ணாடியை இறக்கிவிட, கடலோரக் களப்பின் சேற்று மணம் குப்பென்று உள்ளே வந்தது. சயந்தினி லேஞ்சியால் மூக்கைப் பொத்தினாள். அடுத்த நொடியே கையை எடுத்தும்விட்டாள். இதே மணத்தைப் பற்றித் தன் நாவல்களில் அவள் எவ்வளவு உருகி உருகி எழுதியிருக்கிறாள்! வாசித்த யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

அவள் சிறுவர்களுக்கு மர்ம நாவல் எழுதுகிறவள். களப்பங்கரை ஊர் ஒன்றில் நான்கு பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து துப்பறிகிற கதைகள். ஐந்து புத்தகம் வந்துவிட்டது. தீவுப் பிள்ளைகளுக்கு அவை என்றால் உயிர். பின்னே இராதா? தங்கள் ஊர்க் கண்டல் பற்றையும் நண்டுப் பொந்தும் அச்சில் வருவதை அவர்கள் வேறெங்கே கண்டார்கள்? எழுதியவளும் இந்த மண்ணின் பிள்ளைதான் என்று பின்னட்டை சொல்கிறது. சொல்லும், சொல்லாமல் என்ன. அவளுடைய அப்பா சுருவில்காரர், அது உண்மை. ஆனால் குடும்பம் குருநாகலில் கடை போட்டு அங்கேயே இருந்துவிட்டது. சயந்தினி பிறந்தது அங்கே, இப்போது இருப்பது கொழும்பில். களப்பில் அவள் கால் நனைத்ததே கிடையாது.

அதை ஒளிக்கப்போய் வந்த வினைதான் இது.

போன மாதம் கரம்பொன்னில் ஒரு வாசகர் கூட்டம். முன்வரிசையில் பெரிய மனிதர்கள், பின்னால் பாய் விரித்துப் பிள்ளைகள். லக்சிகா என்ற பதினொரு வயதுச் சிறுமி எழும்பி, நான்காவது புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டாள்.

"அக்கா, நண்டுத்திட்டிக்குத் தண்ணிக்குள்ளாலை நடந்து போகலாம் எண்டு எழுதியிருக்கிறியள். நீங்கள் நடந்தனீங்களோ?"

கதைக்காக எழுதியது என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பிள்ளையும் கோபித்திருக்காது. ஆனால் முன்வரிசை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓம், சின்னனிலை கன தரம் நடந்தனான்" என்று வாய் கூசாமல் சொன்னாள். கைதட்டல் எழும்பியது. லக்சிகாவும் தட்டினாள்.

கரைக்கும் களப்பின் நடுவில் மேடாகக் கிடக்கிற அந்தத் திட்டிக்கும் இடையில், வள்ளம் போவதற்கு வெட்டிய வாய்க்கால் ஒன்று ஆளை மூடுகிற ஆழத்தில் கிடக்கிறதாம். லக்சிகா அதற்குள் மூழ்கிப்போன செய்தியை வாசித்தபோதுதான் சயந்தினிக்கு அது தெரியவந்தது. இன்றைக்கு எட்டாம் நாள், செத்த அந்தப் பிள்ளைக்கு எட்டுப் படைக்கிற நாள். தாயின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சயந்தினி கொழும்பிலிருந்து வந்தாள். வழி முழுக்க அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தாள்.

வீட்டு வாசலில் யாராவது நாலு வார்த்தை ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் ஏசவில்லை. லக்சிகாவின் எழுத்தாளர் அக்கா வந்திருக்கிறா என்று கதிரை இழுத்துப் போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். தாய் நிலாந்தி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மகள் இரவில் அந்தப் புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பாள் என்றாள். தப்பி ஓடின ஆட்டுக்குட்டியைத் தேடித்தான் பிள்ளை தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாள் என்றும் சொன்னாள். ஊர் முழுக்க அப்படித்தான் நம்பியிருந்தது.

இப்போது சொல், என்றது மனம்.

சயந்தினி தேத்தண்ணியைக் குடித்தாள்.

வாசற்படியில் லக்சிகாவின் கூட்டாளிகள் மூன்று பேர் குந்தியிருந்தார்கள்: தேனுஜன், மிதுஷன், கம்சிகா. மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்சிகா எழும்பி வந்து அவள் காதுக்குள் குசுகுசுத்தாள்.

"நண்டுத்திட்டி விசயம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா. நாங்கள் குழு."

சயந்தினிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னுடைய பொய்யை இந்தப் பிள்ளைகள் தன் கதையில் வருகிற சத்தியம்போலக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அடி பாவி, அப்போதாவது வாயைத் திறந்தாளா? இல்லை. அப்பாடா, வெளியில் வராது என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருந்தது.

பொழுது சாயப் படையலுக்கு ஆயத்தம் நடந்தது. லக்சிகா படுக்கிற அறையில் வாழையிலை விரித்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். பனங்காய்ப் பணியாரம், நண்டுக் குழம்பு, சிவப்புச் சோடா ஒரு போத்தல். கடைசியில் நிலாந்தி ஐந்து புத்தகங்களையும் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் அடுக்கினாள். போனவள் ஆறுதலாக வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் விறாந்தையில் அமர்ந்தார்கள். சயந்தினிக்குக் கதவோடு ஒட்டிய இடம் கிடைத்தது.

லைற் போடவில்லை. வெளியில் பனையோலை உரசிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சொட்டியது. ஈரத்துணியைக் கொடியில் போட்டால் சொட்டுமே, அதேபோல. கதவின் கீழ்நீக்கலால் சேற்று மணம் வந்தது. சாம்பிராணியையும் நண்டுக் குழம்பையும் அமுக்கிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு தாள் புரளும் சத்தம்.

ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"வாசிக்கிறாள்," என்று நிலாந்தி மூச்சோடு மூச்சாகச் சொன்னாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, உதடு சிரித்தது. "உங்களுக்கும் கேக்குதே அக்கா?"

சயந்தினி தலையாட்டினாள்.

தாள் புரள்வது நின்றது. ஈரக்கால்கள் கதவை நோக்கி வந்தன. கதவுப் பலகைக்கு அப்பால், அவளுடைய காதின் உயரத்திலேயே, ஒரு குரல் மிகவும் மரியாதையாகக் கேட்டது.

"அக்கா, நீங்கள் எந்த இடத்திலை இறங்கினனீங்கள்?"

சுற்றிப் பார்த்தாள். வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. கரம்பொன்னில் புத்தகத்தை அணைத்தபடி கேட்ட அதே குரல்தான். கோபமில்லை, குற்றச்சாட்டில்லை. வழி தெரியாத பிள்ளை வழி கேட்கிறது, அவ்வளவுதான். பதில் சொல்ல அவளிடம் ஒரு வழியும் இல்லை.

லக்சிகாவின் தாய்மாமன் பரமலிங்கம் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். அறை வெறுமையாக இருந்தது. நிலத்தில் ஒரு துளி ஈரம் இல்லை. புத்தகங்கள் வைத்தபடியே இருந்தன.

படைத்ததில் ஒரு பங்கைக் கடகத்தில் எடுத்துப்போய்க் கடற்கரை ஒழுங்கையின் முடக்கில் வைத்துவிட்டு வரவேண்டும். பரமலிங்கம் கடகத்தைத் தூக்கினார். எழுத்தாளரும் வந்தால் பிள்ளைக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நிலாந்தி கெஞ்சியதால் சயந்தினியும் கூடப் போனாள். மம்மல் பொழுது. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. முடக்கில் கடகத்தை வைத்துவிட்டுப் பரமலிங்கம் தணிந்த குரலில் சொன்னார்.

"இனித் திரும்பிப் பாக்கக் கூடாது பிள்ளை. பின்னாலை என்ன சத்தம் கேட்டாலும் நேரை நடவுங்கோ."

நடந்தார்கள்.

பின்னால் சளக் என்றது.

பரமலிங்கத்தின் நடை வேகமானது. உதடு தேவாரத்தை முணுமுணுத்தது. அவருடைய பிடரியில் வியர்வை பூத்திருந்ததை சயந்தினி கண்டாள். சளக், சளக் என்று தண்ணீருக்குள் கால்கள் இறங்கும் சத்தம்.

அப்போது யாரோ இருமலை அடக்கியது கேட்டது.

செத்தவர்கள் இருமுவார்களா? அது மிதுஷன். பெரியவர்கள் கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரம் பார்த்துப் பிள்ளைகள் நழுவிப் போவதாக இரண்டாவது புத்தகத்தில் எழுதியவள் அவளே அல்லவா? எட்டுப் படைத்துவிட்டு வரும்போது ஒரு பெரியவரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பது இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தெரியாதா? லக்சிகா விட்ட இடத்திலிருந்து குழு தொடங்குகிறது.

திரும்பினால் ஊர் வழமையைக் குழப்பியவள் ஆவாள். ஏன் திரும்பினாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு அவள் இன்னும் கொஞ்சத் தூரம் முன்னால் நடந்தாள். ஓம், நடந்தாள். மூன்று பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்க, அவள் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு நடந்தாள்.

பிறகுதான் திரும்பினாள்.

தொடையளவு தண்ணீரில் மூவரும் கைகோர்த்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் தேனுஜன், நடுவில் மிதுஷன், முன்னால் கம்சிகா. கம்சிகாவின் மற்றக் கை முன்னே நீண்டு, ஒருவரும் இல்லாத இடத்தில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

சயந்தினி ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. தண்ணீருக்குள் விழுந்தெழும்பிக் கத்தினாள்.

"போகாதேங்கோ! நான் நடக்கேல்லை. ஒரு நாளும் நடக்கேல்லை. பொய் சொன்னனான்!"

சத்தம் கேட்டு வீட்டிலிருந்தவர்கள் கரைக்கு ஓடிவந்தார்கள். நிலாந்தி முன்னால் வந்தாள். பரமலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தார். பிள்ளைகள் நின்றார்கள். கம்சிகா திரும்பி சயந்தினியைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஏமாற்றம் கொஞ்சமும் இல்லை.

"எங்களுக்குத் தெரியும் அக்கா. லக்சி இப்ப சொன்னவள்," என்றாள். "பரவாயில்லையாம். அவள் வழி கண்டுபிடிச்சிட்டாளாம். நீங்களும் வந்தால் அது பிறகு பொய் இல்லையாம்."

பரமலிங்கம் மூவரையும் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் ஏற்றினார். தேனுஜன் அழத் தொடங்கினான். தாய்மார் பிள்ளைகளை வாரி அணைத்துக்கொண்டார்கள். மூன்று உயிரும் தப்பிவிட்டது என்று சயந்தினி எண்ணினாள். அவளும் கரைக்குத் திரும்பப் பார்த்தாள். முடியவில்லை. சேறு கணுக்கால்வரை பிடித்திருந்தது.

"நீர் என்ரை பிள்ளைக்கு நடந்தனான் எண்டோ சொன்னனீர்?" என்று கரையிலிருந்து நிலாந்தி கேட்டாள்.

இப்போது அந்த வாயில் அக்கா இல்லை. நீங்கள் இல்லை.

"ஓம்," என்றாள் சயந்தினி. அத்தனை பேர் முன்னிலையிலும் தலை தானாகக் கவிழ்ந்தது. இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் வந்தாள், சொல்லியாகிவிட்டது. ஆனால் மனம் கொஞ்சமும் இலேசாகவில்லை.

அந்த நேரத்தில், தண்ணீருக்குக் கீழே தொங்கிய அவளுடைய கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது.

குளிர்ந்த கை. ஊறிச் சுருங்கிய விரல்கள். பிடி மட்டும் அன்பாக இருந்தது. பெரியவர்களைத் தெருக் கடக்கக் கூட்டிப்போகிற பிள்ளை இப்படித்தான் பிடிக்கும்.

சயந்தினி உதவிக்குக் கரையைப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகளைச் சுற்றி நின்றார்கள். நிலாந்தி மட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் சயந்தினியின் முகத்தில் இல்லை. சயந்தினிக்குப் பக்கத்தில், பதினொரு வயதுப் பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், அவை நிலைத்து நின்றன. பார்க்கப் பார்க்க அந்தத் தாயின் முகம் கனிந்தது.

"பிள்ளை காத்துக்கொண்டு நிக்குது," என்றாள் நிலாந்தி மெதுவாக. "நடவும்."

கால்களைப் பிடித்திருந்த சேறு விட்டது. சின்னக் கை அவளைத் திட்டியின் பக்கம் இழுத்தது.