ரப்பர் பேண்ட் போட்ட பேட்டரி

“மாமா! எங்க பேட்டரியை யாரோ மாத்திட்டாங்க!”

மாணவர் ரோபோ போட்டியின் பார்வையாளர் வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மாமா நிமிர்ந்தார். தீப்பிடித்த கிடங்குகளில் தீ எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. எதிரே மூச்சிரைக்க நின்றவள் அவருடைய அக்கா மகள், அணித் தலைவி. அவளுடைய ரோபோ தொடக்கக் கோட்டிலேயே படுத்துவிட்டது. நடுவர் கொடுத்த அவகாசம் பத்து நிமிடம்.

“ஃபுல் ஆனதுக்கு ரப்பர் பேண்ட் போட்டு சார்ஜர்லயே விட்டிருந்தேன். வந்து பார்த்தா பேண்ட் போட்டது வெளியே கிடந்துச்சு. மாட்டினேன், உசிரே இல்ல! பக்கத்து மேசை அணியில இருக்கானே, அந்த நெட்டை வேலைதான். நடுவர்கிட்ட சொல்லி அவங்களை வெளியேத்தப் போறேன்.”

“நான் காலையிலயே பார்த்தேங்க, அவன் முழியே சரியில்ல” என்றாள் மாமாவின் பக்கத்தில் இருந்த அத்தை, துப்பறியும் ஆர்வத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டு.

சார்ஜர் மேசைக்குப் போனார்கள். சார்ஜரில் பேண்ட் இல்லாத ஒரு பேட்டரி. மேலே பச்சை விளக்கு.

“இது?”

“எங்க காலி பேட்டரி. பேண்டே இல்லையே மாமா!”

மாமா பக்கத்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஓடி முடித்த தன் ரோபோவிலிருந்து பேட்டரியை உருவிய நெட்டை, அதற்கு ஒரு ரப்பர் பேண்டை மாட்டினான்.

“கெடுக்க நினைக்கிறவன் ஃபுல் பேட்டரியைத் தூக்கிட்டுப் போயிருப்பான். இங்கே பச்சை விளக்கோட விட்டுட்டுப் போகமாட்டான்” என்றார் மாமா. “உங்களுக்கு பேண்ட்னா ஃபுல். அவங்களுக்கு பேண்ட்னா காலி. உதவி பண்ணியிருக்கான். ஏம்பா தம்பி, சரியா?”

நெட்டை விழித்தான். “ஆமா அங்கிள். சார்ஜர்ல பச்சை எரிஞ்சுது, பேண்டை எடுக்க மறந்துட்டாங்கன்னு நானே கழட்டினேன். வெளியே கிடந்ததை மீட்டர் வெச்சுப் பார்த்தேன், காலி. பேண்ட் போட்டேன். சார்ஜர்ல மாத்தி வைக்கறதுக்குள்ள எங்க அணியைக் கூப்பிட்டுட்டாங்க.”

அவள் சார்ஜரிலிருந்த பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு நிமிடம் பாக்கி. ரோபோ ஒருமுறை உறுமியது. கறுப்புக் கோட்டைப் பிடித்து, வளைவில் திரும்பி, கடைசிவரை ஓடியது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் கைதட்டியவன் நெட்டை.

“சாரிடா” என்றாள் அவள். “இனிமே எங்க பேட்டரிக்கு உதவி பண்ணாதே, புண்ணியமாப் போகும்.”

“நான்தான் சொன்னேனேங்க” என்றாள் அத்தை. “அந்தப் பையன் முழியிலேயே நல்ல குணம் தெரியுதுன்னு!”