தூணுக்குப் பின்னால் போன கை

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் என் வீடியோ ஸ்டுடியோ இருந்தது. இரண்டாயிரத்து இரண்டு, ஐப்பசி மாதம். மதியம் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கப்பாண்டி படியேறி வந்தார். கட்டடத்தின் சொந்தக்காரர். எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்குக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரும் அவர்தான்.

"செங்குட்டுவன், ஒங்க கல்யாணக் கேசட்டு இருக்குல்லா? அதுல ஜெயவேலு நிக்காம்லா, அவன மட்டும் தனியா வெட்டி எடுக்கணும்."

ஜெயவேல் என் தோஸ்து. வியாசர்பாடியில் ஒரே பிளாக்கில் வளர்ந்தோம். பன்னிரண்டு நாள் முன்பு அந்தக் கிடங்குக்கு வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. கரிக்குவியல் சரிந்து அவனை மூடிவிட்டது என்று அவன் மனைவி மலர்க்கொடி கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தோண்டிப் பாருங்கள், அது ஒன்றுதான் அவள் கேட்டது.

"அஞ்சலி போஸ்டருக்கா அண்ணாச்சி?"

"பம்பாய் ஸ்டேசன்ல நிக்க மாதிரி வேணும். மூலையில போன வாரத் தேதி வரணும்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது புளுகி என்ன ஆகப்போகிறது? தோண்டினால் கிடங்கை மூடுவார்கள். அவன் ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்றால் யாரும் தோண்ட மாட்டார்கள்.

"ஒங்கள கடையக் காலி பண்ணச் சொல்ல எனக்கு மனசே வராது, பாத்துக்கிடுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அந்த ஒரு பேச்சுக்கு நான் விழுந்தேன். வெட்கங்கெட்டவன்.

கேசட்டை ஓட்டினேன். மேடையில் மாலையும் கழுத்துமாக நான். என் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் ஜெயவேல். அவனுடைய வலது கை என் தோளில். புறங்கையில் 'மலர்' என்று பச்சை குத்தியிருந்தான். காட்சியை நிறுத்தி, அந்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

படத்தில் எல்லாமே உறைந்து நின்றன. அந்தக் கை மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பழைய டேப், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடி, காது, சட்டைக் காலர் என்று மவுசால் ஓரம் பிடித்து வெட்டிக்கொண்டே வந்தேன். கையருகே வந்ததும் வேலை சிக்கியது. விரல்கள் என் மாலைக்குள் புதைந்திருந்தன. பூ எது, விரல் எது என்று பிரிக்க முடியவில்லை. சலித்துப்போய் மணிக்கட்டோடு வெட்டினேன். பம்பாய் ஸ்டேஷன் படத்தில் ஒரு தூண் இருந்தது. கையை அதன் பின்னால் நீட்டியிருப்பது போல அவனை ஒட்டினேன். யார் பார்த்தாலும் தூணில் கைவைத்து நிற்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

எழுந்தபோது இடது தோள் கனத்தது. அறையில் மழையில் நனைந்த கரியின் வாடை அடித்தது. ஜன்னலைச் சாத்தினேன். வாடை போகவில்லை.

தங்கப்பாண்டி அந்தப் படத்தைப் போலீஸிடம் காட்டினார்; அவர்களும் அதை நம்பித் தேடுவதை விட்டுவிட்டார்கள். மலர்க்கொடி கிடங்கு வாசலிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நான்காம் நாள் காலை அவளே ஸ்டுடியோவுக்கு வந்தாள். கண்கள் வற்றிக் கிடந்தன.

"உன் கல்யாணக் கேசட்டப் போடுணா. அவரு மூஞ்சிய ஒரு தபா பாக்கணும். வூட்ல கீற போட்டோ எல்லாத்தையும் கொளுத்திட்டேன்."

"கொளுத்திட்டு இன்னாத்துக்கும்மா பாக்கணும்ன்ற?"

"நான் கரியத் தோண்டுங்கன்னு வாசல்லயே குந்திக்கினு இருந்தேன். அவரு பம்பாய்ல சோக்கா நிக்கிறாரு. இன்னாத்துக்குயா இப்டி பண்ணேன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும்."

கேசட்டை எடுத்தேன். போட்டேன்.

மேளச் சத்தம். பன்னீர் தெளிக்கிறார்கள். மேடை வந்தது.

ஜெயவேல் இல்லை.

அவன் நின்ற இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது. நான் அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொல்லிச் சிரிக்கிறேன். தோளில் மட்டும் ஒரு கை. மணிக்கட்டோடு முடிந்துவிட்ட கை. விரல்கள் மாலைக்குள் அசைந்தன. நகக்கண்ணெல்லாம் கரி.

புறங்கையில் அவள் பெயர்.

மலர்க்கொடி எழுந்தாள். டி.வி. பக்கத்தில் போய் அந்தக் கையைத் தொட்டாள். பிறகு திரும்பி என் சட்டையைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். சலவைச் சட்டையின் இடது தோளில் ஐந்து கறுப்பு விரல் தடங்கள்.

"தூணுக்குப் பின்னாடி போன கை இதானாணா?" என்றாள், மிக மெதுவாக. "கை இங்க கீது. ஆளு எங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அடித்திருந்தால் தேவலை. அவள் அழுதது தனக்காக இல்லை.

"அவரப் போய் சந்தேகப்பட்டுட்டேனே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றே போலீஸிடம் போய் எழுதிக் கொடுத்தேன். தங்கப்பாண்டியைப் பிடித்தார்கள், என்னையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் தோண்டினார்கள். கிடைத்தான். பாட்டாச் செருப்புகூடக் காலிலேயே இருந்தது.

வலது கை மட்டும் இல்லை.

மணிக்கட்டில் கத்தரியால் வெட்டியது போல நேராக இருந்ததாம். மேலும் மூன்று நாள் கரியைச் சலித்துப் பார்த்தார்கள். அது அங்கே கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மலர்க்கொடிக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உள்ளே இருந்துவிட்டு வந்தேன். ஸ்டுடியோ போய்விட்டது. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்குகிறேன், வலது தோளில் மட்டும்.

போன மாதம் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தனி அறை, ஒரு ஸ்டூல், பின்னால் நீலத் துணி. கேமராக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

"கூட நிக்கிற ஆளக் கொஞ்சம் கைய எடுக்கச் சொல்லு நைனா."

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. தோளில் விரல்கள் இறுகின.

எடு என்று அவனிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?