பெரிய பள்ளிக்குப் போகும் பாதம்

"கழட்டு... அதைக் கழட்டிடும்மா கடுகு."

சித்தி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

பளபளவென்று மின்னும் கறுப்பு ஷூ. பக்கத்தில் வெள்ளிக் கொக்கி, மேலே பட்டாம்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு. பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேரப் போகிற பெண்ணுக்கென்று மாடி வீட்டு அத்தை ஆசை ஆசையாக வாங்கி வந்தது. கடுகு அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற அழகை அத்தை இன்னும் கண்ணாரப் பார்த்துக்கூட முடிக்கவில்லை.

"ஏன் கழட்டணும்?" அத்தை இடுப்பில் கை வைத்தாள். "நான் வாங்கிட்டு வந்ததுங்கிறதாலயா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி... நடக்கிறப்ப குதிகால் நழுவுது பாருங்க. இவ இடது காலுக்கு லேஸ் வச்சு இறுக்கிக் கட்டுறதா இருந்தாத்தான்..."

"போதும் நிறுத்து! இத்தனை வருஷம் அந்த இரும்புப் பட்டை வச்ச பூட்ஸை மாட்டிக் குழந்தையை வதைச்சது பத்தலையா? டாக்டரே சொல்லிட்டார், இனிமே கடையில விக்கிற ஷூ போடலாம்னு. உனக்குத்தான் மனசு வரல. பெத்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா?"

எத்தனை முறை கேட்டாலும் பழகாத வார்த்தை அது. சித்தி நாற்காலியில் இருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்து லிஃப்ட்டுகளையெல்லாம் மேலே ஏற்றுகிற மனிதர், தன் அக்காவான அத்தை எதிரில் மட்டும் தொண்டையில் இருக்கிற வார்த்தையை ஒரு மாடிகூட ஏற்ற மாட்டார்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான் சித்தி!" கடுகு வெடித்து அழுதாள். "எனக்குப் பிடிச்ச எதுவுமே உங்களுக்குப் பிடிக்காது!"

சித்தி அந்த வீட்டுக்கு வந்தபோது கடுகுக்கு ஐந்து வயது. பெற்றவள் போய்ச் சேர்ந்திருந்தாள். பொடிசாகப் பிறந்ததால் கடுகு என்று பெயர் நிலைத்த அந்தக் குழந்தையின் இடது பாதம், பிறவியிலேயே உள்பக்கமாக மடங்கியிருந்தது. பாதத்தின் ஓரத்தை ஊன்றி, இழுத்து இழுத்து நடக்கும். 'அது விதி' என்று எல்லோரும் விட்டுவிட்ட கால் அது.

சித்தி விடவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். துணி எடுக்கப் போன வார்டுகளில் அதே மாதிரி மடங்கிய பாதங்கள் மாவுக்கட்டுக்குள் போவதையும், பிறகு நிமிர்ந்து வெளியே வருவதையும் பார்த்திருக்கிறாள். கடுகைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாவுக்கட்டு, அப்புறம் பட்டை வைத்த பூட்ஸ், அதோடு தினமும் பாதத்தை வளைத்து நீட்டும் பயிற்சி. விட்டால் பழையபடி மடங்கிவிடும் என்றார் டாக்டர்.

பயிற்சிக்குக் கால் தொட்டாலே குழந்தை கத்தும். அந்தக் கத்தல் மாடி வரைக்கும் கேட்கும். ஒருநாள் அத்தை படபடவென்று இறங்கி வந்தாள். "இன்னொரு தடவை இந்தக் குழந்தை கத்துறது என் காதுல விழுந்துச்சு... உன்னை இந்த வீட்டை விட்டே அனுப்பிடுவேன்! தெரிஞ்சுக்க!" என்று குழந்தை எதிரிலேயே சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் சித்தி இரவு ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டாள். வேலை முடிந்து விடிகாலையில் வந்ததும், முகம்கூடக் கழுவாமல் கடுகின் கட்டிலருகே உட்காருவாள். தூங்கும் குழந்தையின் பாதத்தை மடியில் வைத்து, உள்ளங்கையால் அணைத்து, வெளிப்பக்கமாக மெல்ல மெல்லத் திருப்புவாள். தூக்கத்தில் கால் சொன்னபடி கேட்டது. கத்தலும் நின்றது. கணவருக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. அத்தையின் கண்ணில் பட்டதெல்லாம், வெயில் ஏறிய பிறகும் படுத்துக் கிடக்கும் தம்பி பெண்டாட்டிதான். "ராத்திரி வேலைன்னு பேரு! பகல்ல தூக்கம். குழந்தையைப் பார்க்க நேரம் ஏது?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைக்கே போயிட்டு வாங்களேன்..." கணவர் ஒருவழியாக வாய் திறந்தார். "போட்டு நடந்து பார்த்தா தெரிஞ்சிடும்."

"நானும் வர்றேன்!" என்றாள் அத்தை. "யாரு சரின்னு பார்த்துடலாம்."

ஷூ கடையில் பள்ளி திறக்கும் நேரத்துக் கூட்டம். தரையெல்லாம் அட்டைப் பெட்டிகளும் மெல்லிய காகிதங்களும். ஒரு பையன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான். கடைக்காரப் பெண் கடுகை அளவுப் பலகை மீது நிற்க வைத்தாள்.

"இடது கால் ஒரு அளவு சின்னதா இருக்கு. பரவாயில்ல, உள்ளே ஒரு அட்டை வச்சுத் தர்றேன்."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பெட்டி எடுக்கப் போய்விட்டாள். சித்தியால் மட்டும் அந்தப் பலகையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. குதிகால், விரல்கள், ஓரம்... பாதம் முழுக்க, தண்ணீர் பரவியது போலப் பலகையில் படிந்திருந்தது! ஓரத்தை மட்டும் ஊன்றிச் சுருண்டு கிடந்த பாதமா இது?

முதலில் கொக்கி வைத்த ஷூ. கண்ணாடி வரை போவதற்குள் குதிகால் நழுவிக் கடுகு தடுமாறினாள். அத்தை பார்த்தாள், ஆனால் பார்க்காத மாதிரி கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

அடுத்து லேஸ் வைத்த ஷூ. பட்டாம்பூச்சி இல்லை, பளபளப்பும் இல்லை. சித்தி தரையில் மண்டியிட்டு, கணுக்காலைச் சுற்றி இழுத்துக் கட்டினாள். "இறுக்கமா இருக்கா? விரலை அசைச்சுப் பாரு..."

கடுகு எழுந்தாள். நடந்தாள்.

டக்... டக்... டக்... டக்.

இரண்டு காலுக்கும் ஒரே சத்தம்! இழுபடும் சத்தம் எங்கே? கடுகுக்கே நம்பிக்கை வரவில்லை. நின்று குனிந்து கால்களைப் பார்த்தாள். திரும்பவும் நடந்தாள். வேகமாக நடந்தாள். அப்புறம், யாரும் எதிர்பாராத நேரத்தில், பெட்டிகளைத் தாண்டி வாசல் வழியாக வெளியே பாய்ந்தாள்!

"கடுகு! விழுந்துடப் போறே!"

கடைக்கு முன்னால் வண்டிகள் வராத அகலமான நடைபாதை. பிள்ளை ஓடினாள். சடை பறக்க, கைகள் காற்றை அள்ள, மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். பிறந்ததிலிருந்து ஓடியே அறியாத பெண்! சாமான் பையோடு போனவர் ஒருவர் ஏனென்று தெரியாமலே நின்று சிரித்தார். சித்தி கடலை முதன்முறை பார்க்கிறவள் போல வாசற்படியில் நின்றாள்.

அத்தை அவள் பின்னாலேயே வந்து நின்றாள். "அடியாத்தி... இது எப்படி? எந்த மருந்துல இப்படி ஆச்சு?"

"மருந்தா?" கடுகு மூச்சிரைக்கச் சிரித்தாள். "சித்திதான் அத்தை! தினமும் விடிகாலைல வேலைலேருந்து வந்து என் காலைப் பிடிச்சுத் திருப்பி விடுவாங்களே..."

சித்தி திடுக்கிட்டாள். "உனக்கு... உனக்கெப்படித் தெரியும்? நீ தூங்கிட்டுல்ல இருப்பே?"

கடுகு தலையைக் குனிந்துகொண்டாள். "தூங்குற மாதிரி கண்ணை மூடிட்டு இருப்பேன்."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே..."

"வலிக்கலையா கண்ணு?"

"வலிக்கும் சித்தி. முன்னாடி ரொம்ப வலிக்கும்."

"அப்புறம் ஏண்டி கத்தல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பிள்ளை அத்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, சித்தியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கத்துனா உங்களை வீட்டை விட்டு அனுப்பிடுவேன்னு அத்தை சொன்னாங்கல்ல..."

நடைபாதையில் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். சித்திக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வயது! தலையணையில் பல்லை அழுத்திக்கொண்டு, தன்னைக் காப்பாற்ற, ஒரு சின்ன உயிர் விடியல்தோறும் சத்தமில்லாமல் வலி பொறுத்திருக்கிறது! இந்தப் பிள்ளைக்காகத் தான்தான் தூக்கத்தைக் கொடுத்ததாக நினைத்திருந்தாளே... இவள் கொடுத்ததற்கு முன்னால் அது எம்மாத்திரம்! அழவும் தோன்றாமல், கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது போல அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழுதது அத்தைதான். கடை வாசலென்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.

"ஆத்திரத்துல சொன்ன வார்த்தைம்மா அது... அதைப் போய் நெஞ்சுல சுமந்துட்டு இருந்திருக்காளே! நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? பகல் தூக்கக்காரின்னு உன்னை ஊரெல்லாம் பேசினேனே... பாவி நான்!"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அண்ணி?"

சித்தி கோபமில்லாமல்தான் கேட்டாள். அத்தை சித்தியின் இரண்டு கைகளையும் பற்றித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "பெத்தவளா இருந்தான்னு கேட்டேனே... பெத்தவ இருந்திருந்தா உன் கையைத்தான் முதல்ல கும்பிட்டிருப்பா." சித்தி அவளை அப்படியே அணைத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் கடுகு நசுங்கி, "மூச்சு முட்டுது, விடுங்க!" என்று கத்தினாள்.

"கத்து! நல்லா கத்து!" என்றாள் அத்தை, அழுகையும் சிரிப்புமாக.

லேஸ் ஷூவை வாங்கியாயிற்று. கடுகு அதைக் காலைவிட்டுக் கழற்ற மறுத்துவிட்டாள். பஸ்ஸும் வேண்டாமாம், நடந்தே போகலாமாம். அத்தை பின்னால் மெல்ல வந்தாள்.

வீட்டுக்குப் போகும் தெரு ஒரே ஏற்றம். அந்தத் தெருவில் அவளோடு வரும்போதெல்லாம் சித்தி பாதி அடிதான் எடுத்து வைப்பாள். கால் இழுக்கும் குழந்தை பின்தங்கியதாக உணரக் கூடாதென்று அப்படிப் பழகி, தனியாகப் போகும்போதும் அதே சின்ன நடைதான் அவளுக்கு நிலைத்துப் போயிருந்தது. இன்று அந்த நடையில் நாலு வீடு தாண்டுவதற்குள் கடுகு ஏற்றத்தின் பாதியில் இருந்தாள். திரும்பி நின்று கை ஆட்டினாள்.

"சித்தி! சீக்கிரம் வாங்க!"

"இருடி... நில்லுடி கொஞ்சம்!"

அவள் நிற்கவில்லை. சித்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளையைப் பிடிக்க ஓடினாள்.