காணாமல் போன இரண்டு நாள்

திங்கள், காலை 8.10.

"வெள்ளைக்காரர் ஒருத்தர் ஆட்டோவுல உட்டுட்டுப் போன கேமராவைக் குடுத்துட்டு வரேன்னு வெள்ளிக்கிழமை காலைல இங்க வந்தாருங்க. இப்ப அவரையே திருடன்றாங்க!"

ஸ்டேஷன் வாசலில் வெள்ளையம்மாள் அழுதாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் புருஷனைத் தேடி வந்தவள்தான். "போம்மா, வந்துடுவான்" என்று அப்போது விரட்டியது எஸ்.ஐ. அருணாதேவி.

ஆட்டோக்காரன் சகாதேவன் இப்போது லாக்கப்பில் இருந்தான். பிடித்தவன் விமல்ராஜ், அவனும் எஸ்.ஐ., அருணாதேவியோடு ஒரே பேட்ச்.

அவளுக்கு வயிறு எரிந்தது. நேற்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியம் முதல் செங்கம் சாலைத் தடுப்பில் நின்று குதிகால் வீங்கியதுதான் அவளுக்கு மிச்சம். அவனுக்கோ கேமரா திருடனைப் பிடித்ததற்கு எஸ்.பி.யின் பாராட்டு. ஒரு ஓட்டையாவது அகப்படாதா என்றுதான் வழக்குக் கோப்பைப் பிரித்தாள். நியாயமெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

'ஞாயிறு மாலை 5 மணி. செங்கம் சாலையில் வாகனச் சோதனை. ஆட்டோ சீட்டுக்கடியில் கேமரா. கைது.'

8.40. ஸ்டேஷன் பின்னால், புங்க மரத்தடியில் சகாதேவனின் ஆட்டோ. மேலெல்லாம் சருகு, காக்கை எச்சம். ஒரே ராத்திரியில் சேர்ந்த குப்பையாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஆளில்லாத பழைய போலீஸ் குவார்ட்டர்ஸ், அதன் கதவில் புதுப் பூட்டு.

9.05. விமல்ராஜ் கைதியை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எங்க புடிச்ச?"

"செங்கம் ரோட்டுல. எழுதியிருக்கேனே."

"ஆட்டோவுலயா வந்தான்?"

"பின்ன, பறந்தா வந்தான்?"

"எந்தத் தடுப்பைத் தாண்டி?"

விமல்ராஜ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"பௌர்ணமின்னு மதியத்துலருந்து அந்த ரோட்டுல ஒரு ஆட்டோவையும் உடல. தடுத்து நின்னதே நான்தான். எல்லா கேஸுக்கும் எழுதுற வாகனச் சோதனையை இதுக்கும் எழுதிட்ட. கேமராவைக் குடுக்க வந்தவனை பின்பக்கம் அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்ல ரெண்டு நாள் அடைச்சு வெச்சுத் திருடனாக்கிட்ட. ஏன் விமல்?"

அவன் நாற்காலியில் சரிந்தான். "போன மாசம் சங்கிலி கேஸ்ல உனக்குப் பாராட்டு வந்துச்சே. அன்னிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல அருணா."

அந்த எரிச்சல் எப்படிப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

9.30. அவள் டி.எஸ்.பி.க்குப் போன் போட்டாள். சகாதேவன் வெளியே வந்தான். நடக்க முடியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அருணாதேவி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். விமல்ராஜின் பெயரை எழுதும்போது கை சுலபமாக ஓடியது. வெட்கக்கேடு, சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த வரியில்தான் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளையம்மாள் புருஷனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

'புகார் சொல்ல வந்த மனைவியை இரண்டு முறை விசாரிக்காமல் விரட்டியவர்: எஸ்.ஐ. அருணாதேவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.