ஆறு உள்முனைகள்

சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, உல்லன் கடையின் கண்ணாடி அலமாரியில் ஏழு மாதமாகக் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த நூல்கண்டு ஒன்று, தொட்டவுடன் அமுங்கிப் போனது.

தொட்டவள் சாவியக்கா. கடையின் எல்லாச் சாவிகளும் பதினான்கு வருடமாக அவள் இடுப்பில்தான் தொங்கின. அதனால் அந்தப் பெயர்.

"என்னது இது, மூச்ச விட்டுடுச்சு?" என்றாள்.

கடைக்காரர் எழுந்து வந்து அவளை ஒதுக்கிவிட்டு, அந்த வரிசையில் இருந்த ஆறு கண்டுகளையும் இரண்டு கையாலும் வாரி, வெடுக்கென்று இழுத்து மேசையில் போட்டார். பழைய துணி கிழிவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மேசைமேல் கிடந்த ஆறும் ஒன்றுபோல் சப்பிப் போயிருந்தன. காகிதப் பட்டை அப்படியே இருந்தது, மேல்சுற்று அப்படியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. உள்ளிருப்பதை உறிஞ்சிக் குடித்துவிட்டு வைத்த முட்டை ஓடுகள் மாதிரி இருந்தன.

மேசைக்கு இந்தப் பக்கம் வாடிக்கைக்காரி ஒருத்தி நின்றாள். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்ப்பது அவள் தொழில். சனிக்கிழமைதோறும் இந்தக் கடைக்கு வந்து, தனக்காக ஒதுக்கி வைத்திருந்த இந்த ஆறு கண்டுகளையும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவாள். வாங்குவதற்கு மட்டும் கை வந்ததில்லை. மழைக்கு முந்தைய வானத்தின் நீலம். பின்ன ஆரம்பித்தால் முதல் வரிசையிலேயே ஒரு பிழை விழும். ஆரம்பிக்காதவரை அந்த ஸ்வெட்டரில் குறையே இல்லை. இன்றைக்குத்தான் துணிந்து, மூன்று நாள் லீவும் போட்டுவிட்டு வந்திருந்தாள். ஏழு மாதமாக அவள் ஆசையாகப் பார்த்துவிட்டுப் போனது வெறும் தோலைத்தானா?

"பூட்டு உடையல. சாவி ஒண்ணு, ஆளும் ஒண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கடைக்காரர். குரல் உயரவில்லை. "பன்னெண்டரைக்குக் கடைய சாத்துவேன். அதுக்குள்ள நடந்ததச் சொல்லிட்டு, சாவிய இங்க வெச்சுட்டுப் போ."

சாவியக்கா முகம் சுண்டியது. "நான் எடுக்கல அண்ணே. எடுத்தா, தோலை எதுக்குத் திரும்ப வெக்கணும்? எனக்கென்ன பைத்தியமா?"

அதே கேள்விதான் எக்ஸ்ரேக்காரிக்கும் எழுந்தது.

"பன்னெண்டரை வரைக்கும் நேரம் இருக்குல்ல?" என்றாள். "நூல் எனக்குன்னு வெச்சது. நான் கொஞ்சம் பாக்கறேன்."

காலை 10.55.

"அக்கா, கடைசியா இத எப்ப கைல எடுத்தீங்க?"

"நீங்க ஒதுக்கி வெக்கச் சொன்ன அன்னிக்கு. ஏழு மாசம் ஆச்சு."

"அதுக்கப்புறம்?"

"எதுக்கு எடுக்கணும்? வாராவாரம் நீங்கதான் வந்து தரிசனம் பண்ணிட்டுப் போறீங்களே."

"எப்படி வெச்சீங்க?"

"எப்பவும் வெக்கற மாதிரிதான். ஒரே தொட்டிச் சாயம் ஆறும். ஒண்ணு மாறிப் போச்சுன்னா ஸ்வெட்டர்ல பட்டை விழும். அதனால ஒதுக்கற நூலுக்கு உள்முனை ஆறையும் சேத்து ஒரே முடிச்சாப் போட்டுடுவேன். யாரும் நடுவுல ஒண்ண உருவ முடியாது. முடிச்சப் பின்பக்கமாத் தள்ளி, பட்டை முன்னால தெரியற மாதிரி அடுக்கினேன்."

பின்னுகிறவர்களுக்கு உள்முனை பழக்கமான விஷயம். கண்டின் வெளியே இருக்கும் முனையை எடுத்தால் அது தரையெல்லாம் உருளும். வயிற்றுக்குள்ளிருந்து முனையை இழுத்தால் கண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். நூல் மட்டும் வரும்.

"இந்த நூல் வேற யாருக்கு வேணும்னு இருந்துச்சு?"

சாவியக்கா தயங்கினாள். வேலை போகப்போகிற நேரத்திலும் இன்னொருத்தியை மாட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. "தையல் டீச்சர் கெஞ்சினாங்க. ரெண்டு கண்டு கொறையுதுன்னு. ஆனா அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"ரெண்டு போதும்னா ரெண்டுதான் காலியாகும்," என்றாள் எக்ஸ்ரேக்காரி. "இங்க ஆறுமே காலியாயிருக்கு."

காலை 11.15.

ஒவ்வொரு தோலையும் கடையின் சின்னத் தராசில் வைத்தாள். ஐந்து கிராம். மறுபடியும் ஐந்து. ஆறுமே ஐந்து. முழுக் கண்டு ஐம்பது கிராம், நூறு மீட்டர் நூல். திருடுகிறவன் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவான். ஆறிலும் அளந்து அளந்து ஒரே அளவு எடுக்கமாட்டான். அளக்காமலே ஆறும் ஒரே அளவு குறைய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு.

நுனிகளை வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தரி பட்ட நுனி மொட்டையாக இருக்கும். இவை பூனைவால் மாதிரி பஞ்சாகப் பிரிந்திருந்தன. முறுக்குக் குறைந்த நூல்; வெடுக்கென்று இழுத்தால் பிய்ந்துவிடும். எப்போது பிய்ந்தது? அந்தச் சின்னச் சத்தம் இப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது.

"அலமாரிக்குள்ள கொஞ்சம் டார்ச் அடிங்க," என்றாள். சாவியக்கா அடித்தாள். இன்று கை பட்ட தடத்தைத் தவிர, தட்டின் முன்பகுதியில் தூசி கலையாமல் படிந்திருந்தது. பின்பலகையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், அதற்கு நேரே சுவரிலும் ஒன்று. அதன் விளிம்பு பல நாள் தேய்ந்ததுபோல வழவழவென்று இருந்தது. அதில் நீலப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இது என்ன ஓட்டை?"

"அதுவா? சின்ன வயசுலருந்தே இருக்கு. நடுவுல வயர் போட்டிருந்தோம், அப்புறம் எடுத்தாச்சு," என்றார் கடைக்காரர், திரும்பாமலே.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன?"

அவர் கல்லாவில் சில்லறையை அடுக்க ஆரம்பித்தார். சாவியக்காதான் உதட்டை அசைத்துக் காட்டினாள்: அவரோட அண்ணன் வீடு.

ஊருக்கே தெரிந்த கதை அது. ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்தபோது மாடிப்படி யார் பக்கம் என்று வந்த சண்டை. ஐந்து வருடமாகப் பேச்சில்லை. போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபோதும் தம்பி போகவில்லை. போக நினைத்துச் செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றியதை சாவியக்கா மட்டும் பார்த்திருக்கிறாள்.

காலை 11.45.

அந்த வீட்டுக்குப் பின்தெரு வழியாகப் போக வேண்டும். கடைக்காரரின் அண்ணனான பெரியவரின் மனைவி கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி முகம் என்று அடையாளம் தெரிந்ததும் பயந்தாள். "ரிப்போர்ட்ல ஏதாவது...?"

"அதெல்லாம் இல்லம்மா. அவரப் பாக்கலாமா?"

"பாருங்க. காலைலருந்து வாயே திறக்கல."

அறையின் சுவரோரம் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோள் உயரத்தில் சுவரில் அந்தத் துவாரம். அதிலிருந்து ஆறு நீல இழைகள் தொய்ந்து அவர் மடிவரை தொங்கின. அவர் மடியில், இளநீர்க்காய் அளவுக்கு ஒரு பெரிய உருண்டை. ஆறு இழையும் சேர்த்துச் சுற்றியது.

எக்ஸ்ரேக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். எத்தனையோ பேரின் எலும்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு சுவரின் உள்ளே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்ததில்லை.

"அறுத்துட்டான்," என்றார் பெரியவர். வார்த்தைகள் மெதுவாக, ஒரு பக்க வாயிலிருந்து வந்தன. "பத்து நாப்பது. ரேடியோல பாட்டு முடியற நேரம். ஒரே இழுப்பு. அறுத்துட்டான்."

"யாரு?"

"தம்பி."

அவள் தரையில் அவர் அருகில் உட்கார்ந்தாள். "நூல் எப்ப வர ஆரம்பிச்சது?"

"ஏழு மாசம். ஒரு நாள் காலைல கண்ணு முழிக்கறேன், ஓட்டைல முடிச்சு ஒண்ணு தொங்குது. சின்னப் பசங்களா இருக்கப்போ அந்த ரூம் அவனுது, இது என்னுது. இந்த ஓட்டைல சணல் விட்டு வெச்சிருப்போம். ரெண்டு தரம் இழுத்தா, முழிச்சிருக்கேன்னு அர்த்தம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவன்தான் விடறான்னு நெனச்சேன். இந்தக் கையால இழுத்தேன். விரல் மடங்கல. ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுத் தோள ஆட்டி இழுத்தேன். வந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு முழம். அதுக்கு மேல இழுக்கமாட்டேன்."

"ஏன்?"

"தீந்து போயிட்டா?"

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நானும் பாத்துட்டேதான் இருந்தேன். கொழுந்தனாருதான் விடறாருன்னு வாய மூடிக்கிட்டேன். கேட்டா நின்னுடுமோன்னு ஒரு பயம்."

எக்ஸ்ரேக்காரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு கண்டிலும் தொண்ணூறு மீட்டர் போயிருக்கிறது. ஒரு முழம் வீதம் இருநூறு நாள். ஏழு மாதம். கணக்கு ஒரு இழை பிசகாமல் நின்றது.

"இந்த உருண்டையக் கொஞ்ச நேரம் தரீங்களா? பத்திரமாக் கொண்டு வந்துடுவேன்."

அவர் யோசித்தார். பிறகு இடது கையாலேயே எடுத்து நீட்டினார். ஐந்து விரலும் நூலைப் பற்றியிருந்தன.

பகல் 12.15.

சாவியக்கா சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் நீல உருண்டை வந்து உட்கார்ந்தது.

"உங்க நூல் இதுதான்," என்றாள் எக்ஸ்ரேக்காரி. "எடுத்தது உங்க அண்ணன்."

கடைக்காரர் உருண்டையின் பக்கமாகக் குனிந்தார்.

"அக்கா போட்ட முடிச்சு அந்த ஓட்டைக்குள்ள விழுந்து அந்தப் பக்கம் தொங்கிடுச்சு. அவர் அத இழுத்தார். உள்முனைங்கறதால கண்டு நகரல. முடிச்சு ஒண்ணுங்கறதால ஆறும் ஒண்ணாக் கொறைஞ்சுது. அலமாரியத் திறக்கவே வேண்டியிருக்கல. இன்னிக்கு நீங்க வாரி இழுத்தப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே, அப்பத்தான் அறுந்துச்சு. பத்து நாப்பது. அவர் சொன்ன அதே நேரம்."

"அண்ணன் எதுக்கு என் கடைல..."

"இத அமுக்கிப் பாருங்க."

அவர் தயங்கித் தயங்கி உருண்டையைக் கையில் எடுத்தார். முப்பது வருடமாக நூல் விற்ற கை. மேலே இறுகலாக இருந்தது. கட்டைவிரலை உள்ளே தள்ளத் தள்ளத் தொளதொளத்தது. நடுவில் வெறும் சிக்கலாக, கையே இல்லாதவன் சுற்றியதுபோல இருந்தது.

"நடுவுல இருக்கறது ஏழு மாசத்துக்கு முன்னாடி இருந்த கை," என்றாள் அவள். "மேல இருக்கறது நேத்தைய கை. படம் எடுத்தாக்கூட இவ்வளவு தெளிவாத் தெரியாது."

அவர் உருண்டையை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "விரல் மடங்குதா?" என்றார்.

"அஞ்சும் மடங்குது. நீங்கதான் நூல் விடறீங்கன்னு இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தார். இன்னிக்கு நீங்கதான் அறுத்துட்டீங்கன்னு நெனைக்கறார்."

கடைக்காரர் சுவரையே பார்த்தார். "தப்பு என்மேலதான்," என்றார்.

"செவுத்துக்கிட்ட சொல்றீங்களா, என்கிட்ட சொல்றீங்களா?" என்றாள் சாவியக்கா.

"ரெண்டு பேருகிட்டயும்." சாவிக்கொத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உடனே எடுக்கவில்லை. "பதினாலு வருஷம் சுமந்து இடுப்பெலும்பே தேஞ்சு போச்சு. கொஞ்சம் இருக்கட்டும்," என்றாள். ஒரு நிமிடம் கழித்துத்தான் எடுத்துச் செருகிக்கொண்டாள்.

பகல் 12.30. கடை சாத்தப்படவில்லை.

ஆறு தோல்களின் பிய்ந்த நுனிகளையும் சாவியக்கா சேர்த்து, முன்பு போட்டதுபோலவே முடிச்சுப் போட்டு, தோல்களை அலமாரியில் பழையபடி அடுக்கினாள். மீதி கண்டுக்குப் பத்து மீட்டர். "இன்னும் இருபது நாளைக்கு வரும். அதுக்குள்ள யாராவது அந்தப் பக்கம் நடந்து போயிட்டா நல்லது. பின்தெரு ஒண்ணும் வெளிநாட்டுல இல்ல," என்றாள். கடைக்காரர் பின்னல் ஊசி ஒன்றால் முடிச்சைத் துவாரத்துக்குள் தள்ளினார். இரண்டு முறை தவறியது.

எக்ஸ்ரேக்காரி உருண்டையைத் திருப்பிக் கொடுக்கப் பையில் வைத்துக்கொண்டாள். நீலம் போனது போனதுதான். பக்கத்துத் தட்டிலிருந்து, இதுவரை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு பழுப்பு நூலை எடுத்து, பட்டையைப் பிரித்து, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து ஊசியில் கண்ணிகளை ஏற்ற ஆரம்பித்தாள். ஒன்பதாவது கண்ணி கோணலாக விழுந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

அலமாரியில் ஆறு தோல்கள் சப்பையாகக் கிடந்தன. மறைத்து வைக்க அவற்றுக்குள் இனி எதுவும் இல்லை, அசைந்தால் தெரிந்துவிடும்.

அசைந்தன. ஆறும் ஒன்றாக மெல்லப் புரண்டன. இழைகள் சேர்ந்து, தட்டின் தூசியில் கோடு போட்டுக்கொண்டு, துவாரத்துக்குள் ஊர்ந்து போயின. சரியாக ஒரு முழம். நின்றன.

பிறகு, சுருக்காக இரண்டு இழுப்பு.

அதற்கு என்ன அர்த்தம் என்று எக்ஸ்ரேக்காரி கடைக்காரரிடம் சொல்லியிருக்கவில்லை.

"முழிச்சிருக்கான்," என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே.