பிஸ்கட்டின் இழுப்பு

பிஸ்கட் என்ற அந்த மலைப்பாம்பு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சத்தம் வந்தது. சளி கட்டிய நெஞ்சுக்குள் காற்று புகுந்து திரும்புவது போல ஈரமான ஒரு விசில், அதன் முடிவில் சின்னதாக ஒரு 'ப்ளக்'.

மெரின் ஊசியில் மருந்தை ஏற்றினாள். முன்பு வளர்த்த பாம்புக்கு வாங்கி மிச்சமிருந்த மருந்து. ஜூலைதான் குளிர்காலமான பல்லராட் ஊரில் மலைப்பாம்புக்கு நெஞ்சில் சளி பிடிப்பது அவளுக்குப் புதிதல்ல. மூன்று வாரமாகச் சூட்டு விளக்கைக் கூட்டிவைத்தாள். மூன்று நாளுக்கு ஒரு ஊசி போட்டாள். பிஸ்கட் இளைத்ததே தவிர இழுப்பு நிற்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் கடைசி மூலையில் ஒடுங்கி, தலையை நிமிர்த்தி, அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, கால்நடை மருத்துவர் கோர்டானா எக்ஸ்ரேயைத் தட்டிக் காட்டினாள்.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. வாயில துளி சளி இல்ல. யாரக் கேட்டு ஊசி போட்டே?"

"இழுக்குதே! நாள் பூரா கேக்குது."

"ஒரு மணி நேரமா கேட்டுட்டிருக்கேன், ஒண்ணுமில்ல. உன் மருந்துல கிட்னிதான் போயிருக்கு. நல்லா இருந்த ஜீவனக் கொன்னுட்டிருக்கே, மெரின். இது இங்கயே இருக்கட்டும். நீ கெளம்பு."

மெரின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அவள் மட்டுமே வசிக்கும் வீடு. வந்து சேர்ந்தபோது நண்பகல், ஜன்னலெல்லாம் மூடுபனி. காலிப் பெட்டியின் விளக்கை அணைத்தாள், ஹீட்டரை அணைத்தாள், ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினாள்; கூரைத் தகரத்திலிருந்து பனிநீர் சொட்டுவதும், குளிரில் சுவர்ப் பலகை முனகுவதும், சூடு ஆறும் விளக்கின் கருகிய தூசி நெடியும், பாம்பு உரித்த தோலின் காய்ந்த வாடையுமாக அறை மெல்ல மெல்ல அடங்கியது.

பிறகு அது.

ஈர விசில். ப்ளக்.

பெட்டியருகே குனிந்தாள். மரக்கிளை. தண்ணீர்க் கிண்ணம். வேறொன்றுமில்லை.

தன் நெஞ்சுதானோ? மூச்சை அடக்கினாள்.

நிற்கவில்லை.

நெருங்கியது.

கண்ணாடியில் அவள் முகம் மட்டும். அதன் பக்கத்தில், கண்ணாடியின் இந்தப் புறத்தில், மூச்சின் ஆவி வட்டமாகப் படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

அவள் இன்னும் மூச்சு விடவில்லை.

வட்டத்தின் நடுவே எச்சில் குமிழ் ஒன்று ஊதிப் பெருத்தது. உடைந்தது. கண்ணாடியில் நூலாக வழிந்தது.