இடது தோளருகே ஒரு கறை

ஈரம் சொட்டும் நெகட்டிவை மகுடேஸ்வரன் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது, சித்ரகலாவின் இடது தோளுக்குப் பக்கத்தில் மிளகளவுக்குக் கறுப்பாக ஏதோ இருந்தது. விரலால் துடைத்தான். போகவில்லை. நெகட்டிவில் கறுப்பு என்றால் பிரிண்டில் வெள்ளை; வெள்ளை என்றால், வரக்கூடாத வெளிச்சம் எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளங்கை அகலத்துக்கு ஃபிலிம் போடும் பழைய மரக் கேமரா அது. முன்னால் லென்ஸ், பின்னால் ஃபிலிம், நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பது போல மடிப்பு மடிப்பாகத் துருத்தி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் ஆளைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியனுக்குப் பிரிண்டிங் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவன் சகலை சுரேந்தரை மட்டும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் வாங்கிய ஜோடிக் கேமராக்கள்தான். ஆனால் சேவூரில் மாமனார் அர்த்தநாரி கட்டிய புது வீட்டு ஹாலில் ஆளுயரத்துக்குத் தொங்குவது சுரேந்தர் எடுத்த படம்.

படத்தில் சிரிப்பவள் சித்ரகலா, மகுடேஸ்வரனின் மனைவி. தலையைப் பின்னால் சாய்த்து, கண் இடுங்கி, ஈறு தெரிய ஒரு சிரிப்பு. புதுமனைப் புகுவிழா அன்று மாமனார் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ற புள்ள இப்படிச் சிரிச்சு நானே பாத்ததில்லீங்க மாப்ள."

எதிர்ச்சுவரைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன், தீபாவளிக்குள் நீங்களும் ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்றும் சொன்னார். மனுஷன் சூதுவாது இல்லாமல்தான் சொன்னார். மகுடேஸ்வரனுக்கோ வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவனுக்குக் காட்டாத சிரிப்பை, கேமராவுக்குப் பின்னால் நின்ற எவனுக்கோ காட்டியிருக்கிறாள்.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரம், சுரேந்தரின் கேமராப் பையைத் திறந்தான். சட்டைப்பையில் கிடந்த ஓவர்லாக் தையல் மிஷின் ஊசியால் துருத்தியில் ஒரு குத்து. ஒன்றே ஒன்று. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் குத்தினான்.

சுரேந்தர் அதற்குப் பிறகு ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். "துருத்தீல ஒரு ஓட்டைங்க சகலை. டார்ச்ச உள்ள விட்டுப் பாத்தேன், கண்டுபுடிச்சிட்டனுங்க. ஒரு துண்டு கறுப்பு டேப்பு, முடிஞ்சுது சோலி."

மகுடேஸ்வரனின் நெகட்டிவில் மிளகளவுக் கறை வந்தது அதே வாரம்தான்.

அவனும் டார்ச்சைத் துருத்திக்குள் விட்டு, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தான். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. ஃபிலிம் வைக்கும் சட்டங்களை மாற்றினான். லென்ஸ் மூடியைத் திறக்காமலே கேமராவை உச்சி வெயிலில் நிறுத்தி வைத்து, அந்த ஃபிலிமைக் கழுவிப் பார்த்தான். சுத்தம். சித்ரகலாவை உட்கார வைத்து எடுத்தால் மட்டும் கறை வந்தது. மிளகு சுண்டைக்காயாயிற்று. சுண்டைக்காய்க்குக் கழுத்து முளைத்தது.

இன்னொன்றையும் அவன் தாமதமாகத்தான் கவனித்தான். கேமராவில் ஓட்டை இருந்தால் கறை ஃபிலிமின் ஒரே இடத்தில்தான் விழும். அவளைப் படத்தின் இந்த ஓரத்தில் வரும்படி உட்கார வைத்தால் கறை இந்த ஓரத்தில் இருந்தது. அந்த ஓரத்துக்கு மாற்றினால் அங்கேயும் போயிற்று. எங்கே வைத்தாலும் அவள் இடது தோளை விடவில்லை.

கடைசியாகக் கழுவியதில் அது ஆள்தான். முகமில்லை. தோள் இருந்தது, இரண்டு கைகளும் மேலே உயர்ந்திருந்தன, உள்ளங்கை விரிந்திருந்தது. கட்டிப்பிடிக்க வருகிறவனின் கை என்று மகுடேஸ்வரனுக்குத் தோன்றியது. யார் கை என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை.

"சுரேந்தர் எடுத்தப்ப என்ன சொல்லி உன்னயச் சிரிக்க வெச்சான்?" என்று அவளிடம் கேட்டான்.

"ஒண்ணும் சொல்லலீங்க. அந்தத் தம்பி துணிக்குள்ளயிருந்து தலைய வெளிய எடுத்துச்சு, முடி பூராம் நட்டுக்கிட்டு நின்னுது. சிரிப்பு வந்துருச்சு, அவ்வளவுதானுங்க."

அவன் நம்பவில்லை. அவனும்தான் துணிக்குள்ளிருந்து எத்தனையோ தடவை தலையை எடுத்திருக்கிறான்.

தோளோடு நகரும் கறைக்கு அது விடையில்லை என்று தெரிந்தாலும், கேமரா சுத்தம், சட்டம் சுத்தம் என்றால் பாக்கியிருப்பது ஃபிலிம் போடும் இருட்டறை. வீட்டோடு சேர்ந்த பிரிண்டிங் யூனிட்டின் பின்னறை அது, பிரிண்டிங் ஸ்கிரீனுக்கு மருந்து பூசுவதற்காக ஒதுக்கியது. ஜன்னலுக்குப் பலகை அடிக்காமல், எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட கறுப்பு இண்டர்லாக் பின்னல் துணியை இரண்டு மடிப்பாக இழுத்து அடித்திருந்தான். வாசலுக்கும் அதே துணியில் திரை. பனியன்காரன் புத்தி, எதற்கெடுத்தாலும் துணி. ஸ்கிரீன் மருந்துக்கு அந்த இருட்டு போதும். ஃபிலிமுக்குப் போதாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பின்வாசலில் வேப்பமரத்தடியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு, வெயில் சாய்ந்ததும் வந்து உட்காரச் சொல்லி அவளிடம் சொல்லிவிட்டு, இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். கசிவைப் பிடிக்க வேண்டுமென்றால் கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா இருக்க வேண்டும். ஃபிலிம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாசனையும் பழைய மண்ணெண்ணெய் வாடையும் ஈரத்துணி நெடியும் மூக்கில் ஏறின. பக்கத்து நிட்டிங் மிஷின்கள் ஓடாததால் தன் மூச்சே அவனுக்குப் பெரிதாகக் கேட்டது. லைன் வீட்டில் யாரோ போனில் வைத்த இந்திப் பாட்டு மெதுவாகத் தேய்ந்து நின்றது.

ஜன்னல் துணியில் ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது.

அகப்பட்டாயா என்று எழுந்து டேப்பைக் கிழித்து ஒட்டி அழுத்தினான். அழுத்திய இடத்தில் துணி இழுபட்டது. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணி நிற்காது என்பது திருப்பூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் ஒன்று திறந்தது. அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே. ஊசியால் யாரோ அந்தப் பக்கமிருந்து நிதானமாகக் குத்திக்கொண்டே போவது போல வரிசையாகத் திறந்தன.

முதுகுப் பக்கம் சுவர் வெளுத்தது. திரும்பினான்.

எதிர்ச்சுவரில் பின்வாசல் தலைகீழாக விழுந்திருந்தது. மேலே மண், கீழே வானம், வேப்பமரம் கீழ்நோக்கி வளர்ந்திருந்தது. கேமராவுக்குள் தினமும் பார்க்கிற காட்சிதான்; ஓட்டைக்கு ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாவற்றிலும் நாற்காலி, நாற்காலியில் சித்ரகலா. எல்லாவற்றிலும் அவள் எதிரே கேமரா. கேமராவின் கறுப்புத் துணிக்குள் ஒருவன் தலையை விட்டுக் குனிந்திருந்தான்.

பயம் வரவில்லை. பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. என் வீட்டு வாசலில், என் கேமராவில், நான் உள்ளே இருக்கும்போதே. சுரேந்தர் என்று பல்லைக் கடித்தான்.

சுவரில் இருந்தவன் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. சித்ரகலா சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து. கண் இடுங்கி. ஈறு தெரிய.

அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பினான். சாம்பல் நிறச் சட்டை. பையின் ஓரத்தில் சிவப்பு மைக்கறை.

மகுடேஸ்வரன் தன் சட்டைப்பையைத் தொட்டான். காலையில் சிந்திய மை. இன்னும் பிசுபிசுத்தது.

முகமும் அவனுடையதுதான்.

வாசல் பக்கம் ஓடினான். திரையை விலக்கினான். அதற்குப் பின்னால் திரை. விலக்கினான். மடிப்பு. அதற்குப் பின்னால் மடிப்பு. கதவு இல்லை. கைப்பிடி இல்லை. கை போன இடமெல்லாம் துருத்தியில் இருப்பது போலக் கறுப்பு மடிப்பு, உள்ளே போகப் போகக் குறுகியது.

"கலா" என்று கத்தினான். துணி அதைக் குடித்துவிட்டது.

சுவரில் இருந்தவன் நடந்து வந்தான். பெரிதானான். கையில் டேப்.

ஒரு ஓட்டை அடைபட்டது. ஒரு சித்ரகலா அணைந்தாள். இன்னொன்று. இன்னொருத்தி.

"ஏனுங்க, லீக் நின்னுருச்சுங்களா?" வெளியே அவள் குரல்.

"இன்னும் ஒண்ணுதான் கலா." வெளியே மகுடேஸ்வரனின் குரல்.

மகுடேஸ்வரன் இரண்டு கைகளையும் தூக்கி ஜன்னல் துணியில் அறைந்தான். சத்தம் எழவில்லை. உள்ளங்கைகள் விரிந்தபடி துணியிலேயே நின்றன. அந்த நெகட்டிவில் நின்ற மாதிரியே.

கடைசி ஓட்டையில் ஒரு கண் வந்து உள்ளே பார்த்தது. நிதானமாகப் பார்த்தது. பிறகு விலகியது. டேப் கிழியும் சத்தம். ஒரு விரல்.

இருட்டு.

வெளியே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.